மாண்ட காளை மீண்டு வருமா?

உலகின் எல்லா மாடுகளுக்கும் மூதாதையான காட்டு மாடு 1627-ல் அழிந்தது. அதைத் திரும்பப் படைக்க நூறாண்டாக முயல்கிறது ஐரோப்பா. கண்ணெதிரே கரையும் நாட்டு மாடுகளைக் காக்க நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் அதிகமில்லை.

வடாலாவில் மாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஹார்பர் லைன் ரயில் தடதடக்கிற, லாரிகள் வரிசை கட்டி நிற்கிற, தலைக்கு மேலே மோனோ ரயில் பாதை ஓடுகிற இந்த மும்பைப் பேட்டையிலும் மாட்டுக்கு ஓர் இடம் உண்டு. அது கோயில் வாசல். நகரின் பல கோயில்களைப் போலவே இங்கும் ஒரு பசுவைக் கட்டிப் போட்டு, பக்கத்தில் புல்கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது பழகிய காட்சி. சில ரூபாய் கொடுத்தால் ஒரு கட்டுப் புல். பக்தர் அதை வாங்கி மாட்டுக்குக் கொடுத்து, நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 8.40 லோக்கலைப் பிடிக்க ஓடுகிறார். மாடும் அசை போட்டபடி அடுத்தவருக்குக் காத்திருக்கிறது.

கையடக்கமான, யாருக்கும் தீங்கு நினைக்காத பிராணி. இதன் முப்பாட்டன் ஆறடி உயரத்தில், ஒரு கையளவு நீளக் கொம்புகளோடு காட்டில் திரிந்தவன், புலியும் சிங்கமும் யோசித்தே நெருங்கியவன் என்று சொன்னால் புல் விற்கிறவர் சிரிப்பார். ஆனால் அதுதான் உண்மை. அந்த முப்பாட்டனை மறுபடி உயிரோடு கொண்டு வர முடியுமா என்பதுதான் ஐரோப்பாவின் சில மேய்ச்சல் நிலங்களில் இப்போது நடந்துகொண்டிருக்கும் சோதனை. அதில் தமிழர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கடைசி மாடு

விலங்கியலார் 'போஸ் பிரைமிஜினியஸ்' என்றும், சாதாரணமாக 'ஆரோக்ஸ்' என்றும் குறிப்பிடும் இந்த ஆதி மாடு ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மேற்குக் கரையிலிருந்து ஆசியாவின் கிழக்கு வரை, வட ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும்கூட மேய்ந்தது. காளையின் தோள் உயரம் 160 முதல் 180 சென்டிமீட்டர். கருத்த உடல், முதுகுத்தண்டு நெடுக வெளிறிய ஒரு கோடு, மூக்கைச் சுற்றி வெள்ளை வளையம். பசு செம்பழுப்பு நிறம், உருவத்திலும் சிறியது. கன்று பிறக்கும்போது சிவப்பு. காளைக் கன்று வளர வளரக் கறுக்கும். பிரான்சின் லாஸ்கோ குகைச் சுவரில் சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் தீட்டி வைத்தது இந்தக் காளையைத்தான். ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், ஜெர்மானியக் காடுகளில் யானையைவிடச் சற்றே சிறியதொரு மாடு இருப்பதாக எழுதி வைத்தார். கொஞ்சம் மிகைதான். ஆயினும் பார்த்தவர்களுக்கு ஏற்பட்ட பிரமிப்பு புரிகிறது.

காடு வயலானது, வேட்டை பெருகியது, வீட்டு மாடுகள் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. ஆதி மாடு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் போலந்து நாட்டின் யாக்டோருவ் காட்டுக்குள் அடைக்கலமானது. அதை வேட்டையாடும் உரிமை மன்னருக்கு மட்டுமே. காவலுக்கு ஆட்கள், குளிர்காலத்துக்கு வைக்கோல் என்று அரச பாதுகாப்புக்குக் குறைவில்லை. 1564-ல் காவலர்கள் எண்ணியபோது 38 மாடுகள் இருந்தன. பிறகு எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது. 1627-ல் கடைசிப் பசு செத்தது. தேதி குறித்து வைக்கப்பட்ட முதல் சில இன அழிவுகளில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒரு விசித்திரம். காட்டில் செத்த அந்த மாடு தொழுவத்தில் சாகவில்லை. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மேற்காசியாவில், யூப்ரட்டீஸ் நதியின் மேல்பகுதியில், மனிதன் அதைப் பிடித்துப் பழக்கிவிட்டான். இன்று உலகில் உள்ள நூறு கோடிக்கும் அதிகமான மாடுகள் அதன் வாரிசுகள். முன்னோன் இறந்துவிட்டான், அவன் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் அந்த ரத்தத்தைத் திரட்டி முன்னோனைத் திரும்ப எழுப்பக் கூடாதா?

நாஜிகளின் காளை

அப்படி யோசித்தவர்கள் இரு ஜெர்மானியச் சகோதரர்கள். ஹெய்ன்ஸ் ஹெக் மியூனிக் விலங்குக் காட்சிசாலையின் தலைவர். லுட்ஸ் ஹெக் பெர்லின் காட்சிசாலையின் தலைவர். 1920-களின் தொடக்கத்தில் இருவரும் தனித்தனியே வேலையைத் தொடங்கினார்கள். தர்க்கம் எளிமையானது. ஆதி மாட்டின் குணங்கள் முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஓர் இனத்தில் கொம்பு, இன்னொன்றில் நிறம், வேறொன்றில் முரட்டுத்தனம் எனச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, பிறக்கும் கன்றுகளில் பழைய சாயல் உள்ளதை மட்டும் பொறுக்கி மேலும் சேர்த்தால் போதும்.

ஹெய்ன்ஸ், ஸ்காட்லாந்தின் சடை மாடு, ஹங்கேரியின் சாம்பல் மாடு, கார்சிகா தீவின் மாடு எனப் பலவற்றைக் கலந்தார். லுட்ஸ், ஸ்பெயினின் சண்டைக் காளையைச் சேர்த்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே, ஆதி மாடு திரும்பிவிட்டது என்று சகோதரர்கள் அறிவித்துவிட்டார்கள்.

காலம் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. கலப்பற்ற பழம்பெரும் ஜெர்மனி என்ற கனவை விற்றுக்கொண்டிருந்த நாஜி ஆட்சிக்கு, ஆதி ஜெர்மானியக் காட்டின் ஆதிக் காளை என்பது தித்திப்பான செய்தி. ஹிட்லரின் வலக்கரமும் வேட்டைப் பிரியருமான ஹெர்மன் கோயரிங், லுட்ஸ் ஹெக்கின் புரவலரானார். கிழக்குப் பிரஷ்யாவில் கோயரிங்கின் வேட்டைக் காட்டில் இந்த மாடுகள் விடப்பட்டன. போலந்தை ஜெர்மனி பிடித்ததும் வார்சா காட்சிசாலையின் அரிய விலங்குகளை அள்ளிச் சென்றவரும் இதே லுட்ஸ்தான். ரத்தத் தூய்மை பேசிய ஆட்சி கொண்டாடியது ஏழெட்டு இனங்களைக் கலந்து செய்த ஒரு கலப்பின மாட்டை என்பது வரலாற்றின் நையாண்டி.

போரில் பெர்லின் மாடுகள் அழிந்தன. மியூனிக் மாடுகளின் வம்சம் தப்பியது. இன்று 'ஹெக் மாடு' என்று அழைக்கப்படுவது அதுவே. உண்மையில் அது ஆதி மாடு அல்ல. தோள் உயரம் பெரும்பாலும் 140 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. கால் குட்டை, உடம்பு பருமன், கொம்பின் வளைவு தவறு. ஒன்று மட்டும் நன்றாகவே கைவந்தது: முரட்டுத்தனம். 2009-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதிக்குச் சில ஹெக் மாடுகள் கொண்டு வரப்பட்டன. சில ஆண்டுகளில் அவற்றில் பல ஆட்களை முட்ட வந்ததால் கசாப்புக்கு அனுப்பப்பட்டன.

ரத்திக் கடைப் புத்தகம்

ஏன் இந்த முயற்சி முழுதாக வெற்றி பெற முடியாது? மும்பைவாசிக்குப் புரியும்படி ஓர் உதாரணம் சொல்லலாம். உங்கள் தாத்தாவின் பழைய புத்தகம் ஒன்று தவறுதலாக ரத்திக் கடைக்குப் போய்விடுகிறது. கடைக்காரர் அதைக் கிழித்துத் தெருவெங்கும் பேல்பூரி வண்டிகளுக்கும் வடாபாவ் கடைகளுக்கும் விற்றுவிடுகிறார். நீங்கள் வண்டி வண்டியாக ஏறி இறங்கி, பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துப் பக்கங்களைச் சேர்க்கிறீர்கள். நிறையக் கிடைக்கும். ஆனால் எவனோ கசக்கிக் கடலில் எறிந்த பக்கம் கிடைக்காது. அது மட்டுமல்ல, உங்கள் கையில் மூலப் பிரதி இல்லாதபோது, எது எந்தப் பக்கத்துக்குப் பின்னால் வரும் என்பதும் தெரியாது.

ஹெக் சகோதரர்கள் அட்டைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு புத்தகத்தைச் சேர்த்தவர்கள். மரபணுத் தொகுதியைப் படிக்கும் வழி அன்று இல்லை. தோற்றம் ஒன்றாக இருந்தால் உள்ளேயும் ஒன்றாக இருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் கறுப்பு நிறம் கொண்ட இரு மாடுகள் வெவ்வேறு மரபணுக்களால் கறுத்திருக்கலாம்.

இப்போது மூலப் பிரதியின் பக்கங்களும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. இங்கிலாந்தின் டெர்பிஷையர் குகை ஒன்றில் கிடைத்த, சுமார் 6,750 ஆண்டுப் பழைமையான எலும்பிலிருந்து ஆதி மாட்டின் முழு மரபணுத் தொகுதி 2015-ல் படிக்கப்பட்டது. 2024-ல் டப்ளின், கோபன்ஹேகன் விஞ்ஞானிகள் 38 பழங்கால மாடுகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து வெளியிட்டனர். ஆதி மாடு ஒரே கூட்டம் அல்ல, ஐரோப்பா, மேற்காசியா, வட ஆசியா, தெற்காசியா என நான்கு பெரும் கிளைகளாகப் பிரிந்திருந்தது என்று அது காட்டியது. நம் மாடுகளின் முன்னோன் அந்த நான்காவது கிளை.

இரண்டாம் சுற்று

இந்த அறிவு கைகூடும் முன்பே இரண்டாம் சுற்று தொடங்கிவிட்டது. 1996-ல் ஜெர்மனியின் லிப்பே நதிக்கரையில் ஹெக் மாடுகளோடு இத்தாலியின் மிக உயரமான கியானினா, ஸ்பெயினின் சயகேசா இனங்களைச் சேர்த்து உயரத்தைக் கூட்டினர். 2008-ல் நெதர்லாந்தில் 'டாரோஸ்' திட்டம் பிறந்தது. இத்தாலியின் மரெம்மானா, ஸ்பெயினின் பஹூனா, போர்ச்சுகலின் மரோனேசா போன்ற பழைய இனங்களே இதன் மூலதனம். மலையிலும் சதுப்பிலும் யாரும் தீவனம் வைக்காமல் பிழைத்துப் பழகியவை இவை. ஐரோப்பாவில் காடுகளை மீட்கும் அமைப்பு ஒன்றும் இதில் கைகோத்தது. குரோஷியாவின் வெலெபிட் மலை, போர்ச்சுகலின் கோவா பள்ளத்தாக்கு எனப் பல இடங்களில் இந்த மாடுகள் விடப்பட்டுள்ளன.

அவசரப்பட முடியாத வேலை இது. ஒரு கிடேரி பருவத்துக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு, சினைக்காலம் ஒன்பது மாதத்துக்கு மேல், பிறந்த கன்று தேறுமா என்று தெரிய இன்னும் ஓராண்டு, ஈராண்டு. ஒரு தலைமுறைக்கே நான்கு வருடம் ஓடிவிடுகிறது. தொடங்கிய விஞ்ஞானி ஓய்வு பெற்றுவிடுவார்; காளை முடிந்திருக்காது.

எதற்காக இத்தனை பாடு? வெறும் பழைய மோகம் அல்ல. ஐரோப்பாவின் மலைக் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். மேய்க்க ஆளில்லாத நிலத்தில் புதர் மண்டுகிறது. கோடையில் தீப்பிடித்தால் நிற்பதில்லை. போர்ச்சுகல் 2017-ல் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. பெரிய மாடு புதரை உடைக்கும், புல்லை மேயும், சாணம் போடும். சாணத்தில் வண்டு, வண்டைத் தின்னப் பறவை என்று ஒரு சங்கிலியே உயிர்பெறும். அந்த வேலைக்கு மேய்ப்பன் தேவைப்படாத ஒரு மாடு வேண்டும். திட்டக்காரர்கள் இப்போது தெளிவாகவே சொல்கிறார்கள்: எங்கள் மாடு ஆதி மாட்டின் மறுபிறவி அல்ல, அதன் வேலையைச் செய்ய வந்த பதிலாள்.

பதிலாளை வேலைக்கு வைப்பதிலும் ஆபத்து உண்டு. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்ட நிலத்தில் 1983-ல் ஹெக் மாடுகளை விட்டார்கள். பிறகு காட்டுக் குதிரைகள், மான்கள். இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று வேலிக்குள் விட்டுவிட்டார்கள். ஓநாய் இல்லை, வேறிடம் போக வழியில்லை. கூட்டம் பெருகியது. 2017-18 குளிர்காலத்தில் புல் தீர்ந்தது. 3,000-க்கும் மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. பட்டினியில் துடிப்பதைத் தவிர்க்க அவற்றில் பெரும்பாலானவற்றைக் காவலர்களே சுட்டார்கள். கொதித்தெழுந்த மக்கள் வேலிக்கு மேலாக வைக்கோல் கட்டுகளை வீசினார்கள். இனி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியே வளர்ப்பது என்று மாகாண அரசு முடிவெடுக்க வேண்டியதாயிற்று. மாட்டைத் திரும்பக் கொண்டு வருவது பாதி வேலைதான். அதற்கான காட்டையும் கொண்டு வர வேண்டும்.

நர்மதைக் காளை

நம் ஊர்க் கதை வேறு. பொதுவாக ஒரு தவறான எண்ணம் உண்டு: ஜல்லிக்கட்டுக் காளை, முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் திரியும் காட்டெருமையின் வழிவந்தது என்று. இல்லை. காட்டெருமை தனி இனம். வடகிழக்கு மாநிலங்களின் மிதுன் மாடுதான் அதன் உறவு. திமிலும் அலைதாடியும் கொண்ட நம் மாட்டின் முன்னோன் ஆதி மாட்டின் இந்தியக் கிளை. நர்மதைப் பள்ளத்தாக்கில் அதன் புதைபடிவ எலும்புகள் கிடைத்ததால் விஞ்ஞானிகள் அதற்கு 'நமாடிகஸ்' என்று பெயரிட்டார்கள். ஐரோப்பியக் கிளையிலிருந்து இது பிரிந்தது லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு.

சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய பலூசிஸ்தானின் மெஹர்கர் வட்டாரத்தில் மனிதன் அதைத் தனியாகப் பழக்கினான். சிந்துவெளி முத்திரையில் திமிலும் தொங்கும் தாடியுமாகக் கம்பீரமாக நிற்பது அதன் வாரிசு. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சி வந்தபோது, வெயிலைத் தாங்கும் இந்தத் திமில் காளைகளை மேற்காசிய மக்களும் வாங்கித் தங்கள் பசுக்களோடு சேர்த்தார்கள் என்று 2019-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. அதாவது, பொலிகாளை ஏற்றுமதியில் நமக்கு நாலாயிரம் ஆண்டு அனுபவம்!

ஆனால் காட்டில் திரிந்த இந்தியக் கிளை ஐரோப்பியக் கிளைக்கு மிக முன்பே மறைந்துவிட்டது. வெப்பம் மிகுந்த மண்ணில் பழைய எலும்புகளில் மரபணு தங்குவதும் அரிது. ஆகவே இங்கே மூலப் பிரதி கிட்டத்தட்ட இல்லை. இருப்பவை பொட்டலப் பக்கங்கள் மட்டுமே. அந்தப் பக்கங்களின் பெயர்கள்: காங்கேயம், உம்பளாச்சேரி, புலிக்குளம், பர்கூர், ஆலம்பாடி, ஓங்கோல், கிர்.

காங்கேயம் பட்டியில் ஒரு கன்று பிறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்று சிவப்பாகப் பிறக்கிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. காளையானால் திமிலும் முன்னங்கால் பக்கமும் கறுத்துக்கொண்டே போகும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்துக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறான் கொங்கு விவசாயி. சிவப்பாகப் பிறந்து காளையாகும்போது கறுப்பது ஆதி மாட்டுக்கும் இருந்த குணம் என்பதை அவன் அறிந்திருக்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் இன்னும் கிழியாமல் அவன் தொழுவத்தில் இருக்கிறது.

வெச்சூரில் நடந்த அதிசயம்

இந்தியாவில் இழந்ததை மீட்ட கதையும் உண்டு. கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், வேம்பநாட்டு ஏரியோரம் உள்ள வெச்சூர் கிராமத்தின் பெயரைத் தாங்கியது ஒரு குட்டை மாடு. உயரம் மூன்றடிதான். கொஞ்சம் வைக்கோல், வீட்டுக் கழுநீர் போதும். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால். ஏழை வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாடு.

1961-ல் கேரள அரசு கால்நடை அபிவிருத்திச் சட்டம் கொண்டு வந்தது. உரிமம் இல்லாத காளை வைத்திருக்கக் கூடாது. நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்க வேண்டும். சீமைக் காளையின் விந்தைச் சினை ஊசி மூலம் கிராமம்தோறும் செலுத்தினார்கள். நோக்கம் நல்லதுதான். பால் பெருகியது. கூடவே, இருபது முப்பது ஆண்டுகளில் வெச்சூர் மாடு ஏறத்தாழக் காணாமல் போனது. காளையே இல்லாத ஊரில் பசு யாரோடு சேரும்?

1989-ல் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடிப் புறப்பட்டார்கள். சட்டத்துக்குத் தப்பிக் கோயில்களிலும் ஒதுக்குப்புறப் பண்ணைகளிலும் மிஞ்சியிருந்த விரல்விட்டு எண்ணக்கூடிய மாடுகளைத் திரட்டினார்கள். எண்ணிக்கை சொற்பமாக இருக்கும்போது அண்ணன் தங்கையே சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. ஊனமும் மலடும் பெருகும். எந்தக் கன்றுக்கு யார் தாய், யார் தகப்பன் என்று பதிவேடு வைத்து, எந்தக் காளையை எந்தப் பசுவோடு சேர்ப்பது என்று கணக்குப் போட்டே வளர்த்தார்கள். எதிர்ப்பும் இருந்தது, வழக்கும் வந்தது. ஆயினும் மாடு மீண்டது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஹெக் சகோதரர்களுக்கும் சோசம்மா ஐப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவர்கள் மாடு செத்த பிறகு வந்தார்கள். இவர் சாவதற்குச் சற்று முன் வந்துவிட்டார். அந்தச் சற்று நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

ஆலம்பாடியின் முறை

அந்தச் சற்று நேரம் இப்போது தமிழ்நாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்து வறண்ட மலைச் சரிவுகளில் ஏர் இழுத்தும் பாரம் சுமந்தும் பேர் வாங்கிய மாடு ஆலம்பாடி. டிராக்டர் வந்தது, ஏருக்கு வேலை போயிற்று. பம்ப்செட் வந்தது, கமலைக்கும் வேலை போயிற்று. பால் அதிகம் தராத மாட்டை எதற்காகக் கட்டித் தீனி போடுவது என்ற கேள்விக்கு விவசாயியிடம் பதில் இல்லை. இன்று தூய ஆலம்பாடியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரிமங்கலம் அருகே இதற்கென ஓர் ஆராய்ச்சி மையத்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைத்திருக்கிறது. தாமதமான, ஆனாலும் தேவையான காரியம்.

நாடு முழுவதும் இதே திசைதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19.25 கோடி. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் சீமை, கலப்பின மாடுகள் 27 சதவீதம் ஏறின. நாட்டு மாடுகள் 6 சதவீதம் இறங்கின. பாலுக்காக விவசாயி எடுத்த முடிவு இது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாட்டை வைத்துத்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

வேடிக்கை என்னவென்றால், நாம் கைவிடுவதை உலகம் மதிக்கிறது. ஆந்திரத்தின் ஓங்கோல் மாட்டைக் கப்பலேற்றிக்கொண்டு போன பிரேசில், அதற்கு 'நெலோர்' என்று பெயர் வைத்து, தேர்ந்தெடுத்து வளர்த்து, தன் இறைச்சித் தொழிலையே அதன் முதுகில் கட்டிவிட்டது. 'வியாட்டினா-19' என்ற நெலோர் பசுவுக்கு 2023-ல் நடந்த ஏலத்தின்படி 40 லட்சம் டாலருக்கும் அதிக மதிப்பு. உலகிலேயே விலை உயர்ந்த பசு என்று கின்னஸ் பதிவு. நெல்லூர்க்காரர் பேரம் பேசி விற்ற மாட்டின் கொள்ளுப் பேத்தி!

காடு யாருக்கு?

ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலை இந்தக் கதையை இன்னும் சிக்கலாக்குகிறது. செந்நிற உடலில் வெள்ளைத் திட்டுகளோடு காணப்படும் பர்கூர் மாட்டை அங்கே 'செம்மரை' என்பார்கள். தலைமுறைகளாகக் காட்டுக்குள் பட்டி போட்டு, மாட்டை அவிழ்த்து விட்டு, காடே தீவனம் என்று வளர்த்தார்கள். மனிதரை அதிகம் நெருங்கவிடாத, வேகமான, மலையேறும் மாடு. தீவனம் வைக்க ஆள் தேவையில்லாமல் காட்டில் தானே பிழைக்கும் மாட்டை உருவாக்க ஐரோப்பா கோடிக்கணக்கில் செலவிடுகிறது. நம்மிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் அதற்கு இடம் சுருங்குகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டாரத்துக் காடுகளில் 800 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமை என்னவாகும் என்று மலைவாசிகள் கவலைப்படுகிறார்கள்.

வனத்துறையின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. மாட்டுக் கூட்டம் போனால் மானுக்கும் காட்டெருமைக்கும் புல் இருக்காது. நாட்டு மாட்டிலிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும். புலி மாட்டை அடித்தால் மனிதன் புலிக்கு விஷம் வைப்பான். மறுபக்கம், மேய்ச்சல் நின்றால் பர்கூர் மாடு தொழுவ மாடாகும். சில தலைமுறையில் மலையேறும் காலும், காட்டுத் தீனியை ஜீரணிக்கும் வயிறும் மறந்துபோகும். பர்கூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் பண்ணை வேலிக்குள் வளரும் பத்து மாடு இனத்தின் பெயரைக் காக்குமே தவிர, அதன் குணத்தைக் காக்குமா? எத்தனை மாடு, எந்தப் பகுதி, எந்த மாதம் என்று கணக்கிட்டு இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. வேலிக்குள் கணக்கில்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தே சாட்சி. கணக்கே இல்லாமல் வெளியேற்றினால் என்ன ஆகும் என்பதற்கு யாக்டோருவ் சாட்சி.

காளை இருந்தால்தான்

2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது மும்பைத் தமிழர்களும் வீதிக்கு வந்தார்கள். பலர் வாடிவாசலை நேரில் பார்த்ததே இல்லை. தாத்தா திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ ரயிலேறி வந்தவர். பேரன் பிறந்தது சயானில். அவனுக்கு மாடு என்றால் கோயில் வாசல் மாடும், டி-ஷர்ட்டில் அச்சிட்ட காளையும்தான். ஆயினும் காளை போனால் இனமே போய்விடும் என்று அன்று எழுப்பிய வாதம் உணர்ச்சி மட்டும் அல்ல. விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. வெச்சூரில் அது நடந்தே காட்டியது. பசுவைப் பாலுக்காக யாரும் வைத்துக்கொள்வார்கள். பொலிகாளைக்குத் தீனி போட ஒரு காரணம் வேண்டும். புலிக்குளத்துக்கு அந்தக் காரணம் ஜல்லிக்கட்டு. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டதில், களத்தின் ஆரவாரத்தோடு பட்டியின் எதிர்காலமும் அடங்கியிருந்தது.

எனினும் ஜல்லிக்கட்டு எல்லா இனத்தையும் காப்பாற்றிவிடாது. ஆலம்பாடிக்கும் பர்கூருக்கும் வாடிவாசல் கிடையாது. அவற்றுக்கு வேறு காரணம் தேட வேண்டும்: நாட்டு மாட்டுப் பாலுக்கு நியாயமான விலை, பொலிகாளை வளர்ப்பவருக்கு மானியம், சினை ஊசி மருத்துவமனையில் சீமை விந்தோடு ஆலம்பாடி விந்தும் கிடைக்கிற ஏற்பாடு, மேய்ச்சல் நிலத்தை வீட்டு மனையாக்காமல் விட்டு வைக்கிற நிர்வாகம். கவர்ச்சியில்லாத வேலைகள்தான். ஆனால் நூறாண்டு கழித்துப் பொட்டலக் காகிதம் பொறுக்குவதைவிட மலிவானவை.

பொங்கல் நாளில் தாராவியின் 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். அடுத்த நாள் மாட்டுப் பொங்கல். மாடு ஏது? சிலர் வடாலா, மாட்டுங்கா கோயில் வாசல்களுக்கு வருகிறார்கள். கட்டிப் போட்ட பசுவின் கொம்பில் பூச்சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு பிடி பொங்கலை ஊட்டிவிட்டுப் போகிறார்கள். அது என்ன இனம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது; அதற்கும் தெரியாது. முதுகில் சிறு திமில் இருக்கிறது. கழுத்தில் அலைதாடி தொங்குகிறது. நர்மதைக் கரையில் திரிந்த அந்தப் பெரிய காளையிடமிருந்து எண்ணாயிரம் ஆண்டு கைமாறி வந்து சேர்ந்த பக்கம் அது. புல்கட்டு தீர்ந்ததும் பெண் எழுந்து மாட்டை அவிழ்க்கிறார். லாரிகளுக்கு நடுவே, யாரையும் முட்டாமல், அது வீடு நோக்கி நடக்கிறது.